வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி

இலவசம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது சந்தேகம். சந்தோஷம் அதற்குப் பிறகு வரவேண்டும், பெரும்பாலும் வராது. சோப்பு வாங்கினால் சீப்பு இலவசம் என்று போட்டிருந்தால், சோப்பின் எடை போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். நகைக்கடைக்காரர் காலண்டர் நீட்டினால், எனக்கு எதற்கு என்று யோசித்துவிட்டுத்தான் கை நீட்டுவேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் சி.ஐ.டி. மிஸ். அது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் குணம் பாதி பிறவியில் வந்தது, பாதி கல்யாணத்தில் வந்தது. என் கணவர் ஆம்பூரில் ஒரு டேனரியில் செலக்‌ஷன் பார்க்கிறவர். பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கிற வேலை. ஒரு தோலை மேசையில் விரித்தால் பளபளப்பான முகப்பை ஒருமுறை தடவுவார், உடனே புரட்டிப் போட்டுச் சதைப்பக்கத்தைப் பார்ப்பார். கத்தி ஆழமாக இறங்கின இடம், பூச்சி அரித்த இடம் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் தெரியுமாம். மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கினாலும் புரட்டிப் பார்க்காமல் பையில் போடமாட்டார். இப்படி ஒருவரோடு குடித்தனம் நடத்தினால் யாருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் ஊருக்கே அப்படி ஒரு பழக்கம் உண்டு. ஊர் சந்தேகப்படுவது பாட்டிலை. தொண்ணூறுகளில், டேனரிக் கழிவு கிணறுகளைக் கெடுக்கிறது, கோர்ட் உத்தரவு என்று சொல்லி எங்கள் பக்கத்து டேனரிகளை மூடினார்கள். அதற்கு முன்னால் யார் யாரோ வந்து கிணறு கிணறாகப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். நல்ல சட்டை போட்ட, சிரித்துப் பேசுகிற ஆட்கள். கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். பிறகு ஒருநாள் டேனரி கேட்டில் பூட்டு தொங்கியது. என் கணவர் காலையில் குளித்து, தலை சீவி, போவதற்கு இடமில்லாமல் வாசலில் நின்ற நாட்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்தபிறகு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஆனால் ஊர் மனதில் பாட்டிலும் பூட்டும் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டுவிட்டன. அன்றிலிருந்து காலி பாட்டிலோடு யார் தெருவுக்குள் வந்தாலும் வீட்டுக்கு வீடு கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

இந்த ஊரில், அரசு உதவி பெறும் ஒரு பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து எங்கள் பள்ளிக்கு இன்டர்நெட் வந்தது. மாடிப்படிக்குக் கீழே விளையாட்டுச் சாமான் போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்து ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். ஆபீஸ் டெலிபோன் ஒயரைத்தான் அதற்கும் இழுத்திருந்தார்கள். யாராவது இன்டர்நெட்டில் இருந்தால் தலைமையாசிரியைக்கு போன் வராது. அந்த ஒரு காரணத்துக்காகவே ஆசிரியர் அறையில் பலருக்கு இன்டர்நெட்டைப் பிடித்துப்போயிற்று.

தலைமையாசிரியை வேலூரில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தார். திரும்பி வந்த அன்றே எல்லாரையும் கூட்டி, இனி ஒவ்வொரு டீச்சரும் பருவத்துக்கு ஒரு பாடமாவது இன்டர்நெட்டிலிருந்து எடுத்து நடத்தவேண்டும் என்றார். படம் இருக்கிறது, சோதனை இருக்கிறது, கேள்வித்தாள்கூட இருக்கிறது, அத்தனையும் ஃப்ரீ என்றார். நான் எழுந்து, யார் கொடுக்கிறார்கள், அவர்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று கேட்டேன். அங்கங்கே இருக்கிற டீச்சர்களும் காலேஜ்காரர்களும் நல்ல மனசோடு எழுதிப் போடுகிறார்கள் என்றார். நல்ல மனசு என்று கேட்டதும் என் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. நல்ல மனசுள்ள டீச்சர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விடைத்தாள் திருத்தவே நேரம் இருக்காது.

கம்ப்யூட்டர் டீச்சர் வாணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் சின்ன வயதுப் பெண். தற்காலிக வேலை. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் பார்த்தேன். ஒரு படம் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரு இன்டர்நெட் பக்கம் ஈமெயில் கேட்டது, தரவே கூடாது என்றேன். அவள் பள்ளியின் ஈமெயிலைக் கொடுத்துவிட்டாள். இன்னொரு பக்கத்தின் ஓரத்தில் எடை குறைக்கும் மாத்திரை விளம்பரம் ஓடியது. பார்த்தாயா, விஷயம் இதுதான் என்று அவளிடம் சொன்னேன்.

உண்மையைச் சொல்லவேண்டும், நல்ல சரக்கும் இருந்தது. ஒரு பக்கத்தில் இதயத்தின் வால்வுகள் திறந்து மூடின. ரத்தம் நீலமாக உள்ளே வந்து சிவப்பாக வெளியே போயிற்று. நான் இத்தனை வருடமாகக் கரும்பலகையில் வரைந்த இதயம் ஒருநாளும் துடித்ததில்லை. பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராக அந்த இருட்டறைக்குள் விட்டுக் காட்டினேன். வெளியே வந்து ஒவ்வொருத்தியும் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டாள். அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை. இவ்வளவு உழைத்து ஒரு இதயத்தைச் செய்து எவனோ சும்மா கொடுக்கிறான் என்றால், பில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று காத்திருந்தேன்.

பில் தண்ணீர்ப் பாடத்தில் வந்தது.

அது ஒன்பதாம் வகுப்புக்குத் தலைமையாசிரியையே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பாடம். 'உங்கள் ஊர்த் தண்ணீரை அறியுங்கள்' என்கிற மாதிரி இங்கிலீஷில் ஒரு தலைப்பு. செலவே இல்லாத சோதனைகள். ஒரே அளவு தண்ணீரை எடுத்து, ஒரே அளவு சோப்புக் கரைசலை ஊற்றி, மூடிக் குலுக்கி, எவ்வளவு உயரம் நுரை வருகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்க்கவேண்டும். தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் வைத்து, காய்ந்தபிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கவேண்டும். பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போகும்போது மிதவைச் சட்டை அணியச் செய்யுங்கள் என்றும் எழுதியிருந்தது. எங்கள் பாலாற்றில் அப்போது மணல் லாரிதான் ஓடிக்கொண்டிருந்தது. லாரிக்கு எந்தச் சட்டை போடுவது என்று கம்ப்யூட்டர் டீச்சரைக் கேட்டேன். அவள் அதற்கும் தலையாட்டினாள்.

கடைசி வரியில்தான் எனக்கு உறைத்தது. சோதனை முடிந்ததும் ஊர்ப் பெயரையும் கிடைத்த அளவுகளையும் அந்தப் பக்கத்தில் நிரப்பி அனுப்பவேண்டுமாம். உலகம் முழுக்க இருக்கிற வகுப்புகள் அனுப்புகிறதையெல்லாம் ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைப்பார்களாம். நல்ல தண்ணீர் என்றால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. அந்த வரியை இரண்டுமுறை படித்தேன். முன்பு நல்ல சட்டை போட்டு ஆள் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனான். இப்போது ஆள்கூட வரவேண்டாம், நம் பிள்ளைகளையே பிடித்துக்கொண்டு வரச் சொல்கிறான் என்று தோன்றியது.

பாடத்தை நடத்துகிறேன், அனுப்பமாட்டேன் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். முதலில் நடத்துங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். பிள்ளைகளிடம், அவரவர் வீட்டுக் கிணறோ போரோ, எது இருக்கிறதோ அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொன்னேன். அன்று மாலை நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி என் கணவரை எட்டிவிட்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவிடாமல், "இன்னாத்துக்கு இந்த வேல உனக்கு? பாட்டில்னாலே எல்லாருக்கும் பேஜாரா இருக்குது. டேனரில என்னக் கேக்கறாங்க" என்றார். இது வெறும் பாடம், எங்கும் போகாது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், என் தோலையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டார்.

இந்த இடத்தில் ஆற்றோரத் தெருவைப் பற்றிச் சொல்லவேண்டும். என் வகுப்பில் பல பிள்ளைகள் அந்தத் தெரு. அங்கே கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, பால் திரியும், தலைக்குக் குளித்தால் முடி கயிறாகிவிடும். நகராட்சிக் குழாய் அந்தத் தெரு முனைவரைதான் வந்திருந்தது, அதிலும் காற்றுதான் வரும். அவர்கள் குடித்தது லாரித் தண்ணீர். எங்கள் பள்ளித் தாளாளர் ஒரு டேனரி முதலாளி. மலையடிவாரத்தில் இருந்த அவருடைய நிலத்து போரிலிருந்து தினமும் காலையில் ஒரு டேங்கர் லாரி அந்தத் தெருவுக்கு வரும். இலவசம். யாரும் எழுதிக் கேட்டதில்லை, அவரும் எழுதிக் கொடுத்ததில்லை. அவர் மனசு வைத்தார், வந்துகொண்டிருந்தது. ஷூ கம்பெனி பஸ் வருவதற்குள் பெண்கள் குடம் நிரப்பி வைத்துவிட்டு ஓடுவார்கள். அந்த லாரி நின்றால் அந்தத் தெருவுக்கு வேறு வழி கிடையாது.

சோதனை நாளன்று மேசை முழுக்கப் பாட்டில்கள். கூல்டிரிங்ஸ் பாட்டில், மருந்து பாட்டில், ஒன்றில் இன்னும் நன்னாரி வாசனை அடித்தது. சோப்புக் கரைசலை ஊற்றிக் குலுக்கச் சொன்னேன். நுரை பொங்கியது. ஒரு பாட்டிலில் இல்லை, எல்லாப் பாட்டிலிலும் பொங்கியது. மூடியைத் திறந்தால் மேசையில் வழிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. ஆம்பூரில் வாக்கப்பட்ட நாளிலிருந்து கிணற்றுத் தண்ணீரில் நான் துணி துவைத்திருக்கிறேன். அந்தத் தண்ணீரில் அரை சோப்பு கரைந்தாலும் நுரை எட்டிப் பார்க்காது.

ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், முகர்ந்தேன். யார் வீட்டுத் தண்ணீர், எந்தக் கிணறு என்று கேட்டேன். எல்லாரும் கிணற்றைச் சரியாகத்தான் சொன்னார்கள், ஆனால் தரையைப் பார்த்துச் சொன்னார்கள். கடைசியில் ஆற்றோரத் தெருப் பெண் ஒருத்தியை மட்டும் நிறுத்திக்கொண்டேன். எதையும் மறைக்கத் தெரியாத முகம் அவளுக்கு. சோதனைக் குழாய் கழுவும் சாக்கில் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டேன்.

"அம்மாதான் மிஸ் மாத்தி ஊத்தனாங்க" என்றாள். "நான் கெணத்துலதான் புடிச்சேன். இத எங்கயாவது அனுப்பிட்டா டேனரிய மூடிடுவாங்கன்னு சொல்லி அத கொட்டிட்டு, லாரித் தண்ணிய ஊத்திட்டாங்க. எங்க தெருவுல எல்லாருமே அப்டித்தான் மிஸ்."

மற்ற தெருக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீரை ஊற்றி அனுப்பியிருந்தார்கள். யாரும் யாரிடமும் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை. அது தேவைப்படவும் இல்லை. ஒரே ஊர், ஒரே பயம். எனக்குக் கோபம் வந்தது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அந்த வெளிநாட்டுப் பக்கத்தை நம்பாதவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

தலைமையாசிரியையிடம் போய், இந்த அளவுகள் பொய், அனுப்பவேண்டாம் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். போன வாரம் தண்ணீர் மோசமாக வந்துவிடும், அனுப்பக் கூடாது என்றீர்கள். இந்த வாரம் நன்றாக வந்திருக்கிறது, அனுப்பக் கூடாது என்கிறீர்கள். உங்களுக்கு எது வந்தால் திருப்தி என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அதற்குள் கம்ப்யூட்டர் டீச்சரைக் கூப்பிட்டுவிட்டார். அவள் தலையாட்டிவிட்டுப் போய் அனுப்பினாள்.

அடுத்த வாரம் வரைபடத்தில் எங்கள் ஊருக்கு நேராக ஒரு பச்சைப் புள்ளி வந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் அதைக் கலரில் பிரின்ட் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். சுற்றிலும் எத்தனையோ நாடு, எத்தனையோ புள்ளி. சில பெரிய ஊர்களே மஞ்சளில் நின்றன, ஆம்பூர் பச்சை. காலை வணக்கத்தில் தலைமையாசிரியை அதைப் பற்றிப் பேசினார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாதாந்திரக் கமிட்டிக்கு வந்த தாளாளர் பலகை முன்னால் நெடுநேரம் நின்றார். பெரிய மனிதர், குரலை உயர்த்தாதவர், டீச்சர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். பிள்ளைகளே சோதித்தார்களா, எந்தெந்தத் தெரு என்று கேட்டார். தலைமையாசிரியை பெருமையாக ஆற்றோரத் தெருவையும் சேர்த்துச் சொன்னார். ரொம்ப சந்தோஷம் என்றார். அதற்கு அடுத்த வாரம் லாரி வரவில்லை.

தெருக்காரர்கள் டேனரி ஆபீசில் போய்க் கேட்டபோது, உங்கள் பிள்ளைகளே சோதனை செய்து உங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று உலகத்துக்கே சொல்லிவிட்டார்கள், இனி தேவைப்படுகிற வேறு தெருவுக்கு லாரியை அனுப்பப்போகிறோம் என்று பதில் வந்தது. அந்த வேறு தெரு எது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. தாளாளருடைய புது ஷூ யூனிட் கட்டட வேலையில் அதே லாரி நிற்பதை என் கணவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். தாளாளர் நிஜமாகவே அந்தப் பச்சைப் புள்ளியை நம்பினாரா, அல்லது நம்புவது சௌகரியமாக இருந்ததா? இரண்டாவதுதான் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

லாரித் தண்ணீரைக் காட்டியே லாரியை நிறுத்திக்கொண்டார்கள் எங்கள் ஜனங்கள். சிரிப்பு வரவேண்டிய விஷயம்தான். ஆனால் என் வகுப்பில் ஆற்றோரத் தெரு வரிசை காலியாகத் தொடங்கியது. குடத்தோடு ரயில்வே லைனைத் தாண்டிப் போய்த் தண்ணீர் கொண்டுவரும் வேலை பிள்ளைகள் தலையில் விழுந்தது. அம்மாக்களுக்குக் கம்பெனி பஸ், அப்பாக்களுக்கு ஷிப்ட், வேறு யார் போவது? உண்மையைச் சொன்ன அந்தப் பெண் ஒரு வாரமாக வரவேயில்லை.

அவளுக்குப் பதில் அவள் அம்மா வந்தாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற செக்‌ஷன். யூனிபார்ம் கோட்டோடு நேராக என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். வணக்கம் எல்லாம் இல்லை.

"இன்னா டீச்சர் பண்ணி வச்சிருக்கீங்க? எங்க தண்ணி நல்லாக்குதுன்னு உங்க கம்ப்யூட்டர்ல போட்டீங்களாமே. லாரிய நிறுத்திட்டாங்க. என் பொண்ணு கொடம் தூக்குறா."

எனக்கும் சுருக்கென்று வந்துவிட்டது. "பாட்டில்ல இருந்ததத்தான் போட்டாங்க. பாட்டில்ல ஊத்துனது யாரு?" என்றேன்.

அவள் வாயடைத்துப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. குரலை மட்டும் இறக்கினாள். "எங்க வீட்டுக்காரரு டேனரி. நான் கம்பெனி. ரெண்டயும் மூடிட்டா வெறும் தண்ணியக் குடிச்சிட்டுப் பொழச்சிடுவோமா டீச்சர்? அப்ப மூடனப்போ நாங்க பட்டது போதாதா?"

வாசலில் தலை சீவி நின்ற என் கணவர் எனக்கு ஞாபகம் வந்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். நிஜமான கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவாருங்கள், அதே சோதனையைத் தாளாளர் கண்ணெதிரே செய்துகாட்டுகிறேன் என்றேன். பாட்டிலிலா என்று கேட்டுவிட்டு அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். எங்கேயும் அனுப்பமாட்டேன், காட்டத்தான் போகிறேன் என்று சொன்னபிறகும் அவள் நம்பியதாகத் தெரியவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

ஆனால் கமிட்டி நாளன்று காலையில் ஆற்றோரத் தெருப் பெண்கள் வந்தார்கள். கம்பெனி பஸ் பள்ளியைத் தாண்டித்தான் போகும். அதற்கு முன்னால் வேகமாக நடந்துவந்து, ஆளுக்கு ஒன்றாக மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். பாட்டில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் டிபன் கேரியர், குழம்பு டப்பா. பாட்டிலில் கொண்டுவந்தால் தெருமுனை தாண்டுவதற்குள் யாராவது பார்த்து யாரிடமாவது சொல்லியிருப்பார்கள். சாப்பாட்டு டப்பாவை யார் சந்தேகப்படுவார்கள்? என்னையும் மிஞ்சிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் தண்ணீரைத் தட்டுகளில் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வைத்தேன்.

அந்த ஃப்ரீ பாடத்தைத் தாளாளருக்குச் செய்துகாட்ட ஆசைப்படுகிறேன் என்று தலைமையாசிரியையிடம் கேட்டபோது அவரால் நம்பவே முடியவில்லை. சி.ஐ.டி. மிஸ் தன் வாயாலேயே ஃப்ரீயைப் புகழ்ந்துவிட்டாள் என்று சந்தோஷமாகக் கமிட்டி முடிந்ததும் தாளாளரைக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துவந்தார். அறையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, திரையில் அந்தத் தண்ணீர்ப் பக்கம். அன்று பள்ளிக்கு வந்திருந்த அந்தப் பெண்தான் குலுக்கினாள். கை வலிக்கக் குலுக்கினாள். நுரை வரவில்லை. தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் துணுக்குகள் அடியில் இறங்கின. டப்பாவுக்கு டப்பா அதேதான். எந்தத் தெரு என்று தாளாளர் கேட்டார். அவள் சொன்னாள். மாடியிலிருந்து தட்டுகளைக் கொண்டுவந்தேன். காய்ந்துபோன தண்ணீர் விளிம்பு முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது.

தலைமையாசிரியையின் முகம் மாறிவிட்டது. தாளாளர் முகம் மாறவில்லை. ஒரு தட்டைக் கையில் எடுத்தார், அந்த வெள்ளையை விரலால் தேய்த்துப் பார்த்தார், பிறகு தட்டைப் புரட்டி அடிப்பக்கத்தையும் பார்த்தார். தோல்காரர் கை, சும்மா இருக்காது. தட்டை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். இது உண்மையா என்று கேட்கவில்லை. முன்னால் எப்படிப் பச்சை வந்தது என்றும் கேட்கவில்லை.

"இத எங்கயாவது அனுப்பிட்டீங்களா டீச்சர்?"

"இன்னும் இல்ல சார்" என்றேன்.

அந்த 'இன்னும்' நான் யோசித்துச் சொன்னதில்லை. இல்லை சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் விரலில் ஒட்டியிருந்த வெள்ளையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். நல்ல பாடம், பிள்ளைகளுக்கு உபயோகமான பாடம் என்று சொல்லி எழுந்துபோனார்.

திங்கட்கிழமை காலை ஆற்றோரத் தெருவுக்கு லாரி வந்தது. அந்த வாரமே என் வகுப்பில் அந்த வரிசை நிரம்பியது. தலைமையாசிரியை அறிவிப்புப் பலகையிலிருந்து வரைபடத்தைத் தானே கிழித்து எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த இலவசப் பாடத்தையும் எனக்குப் பரிந்துரைக்கவில்லை. நானாகத்தான் தேடி எடுத்துக்கொண்டேன். இதயத்தை வருடாவருடம் காட்டினேன். எவனோ சும்மா கொடுத்த அந்த இதயத்துக்கு இதுவரை பில் வரவில்லை. இன்னமும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

பில் வந்தது லாரிக்கு. அந்தத் தண்ணீரும் இலவசம்தான், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நான் எதையும் அனுப்பாமல் இருக்கவேண்டும். யாரும் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை, யாரும் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்தப் பெண்கள் டப்பாவில் கொண்டுவந்து வைத்த உண்மை அந்த அறையைத் தாண்டி வெளியே போகாமல் இருக்கிறவரைதான் அவர்கள் குடத்தில் நல்ல தண்ணீர் விழும். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வரும். சில மதியங்களில் கம்ப்யூட்டர் அறையில் தனியாக உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெயர் எழுதக் கட்டம், அளவு எழுதக் கட்டம், கீழே அனுப்புகிற பொத்தான். எங்கள் ஊர்ப் புள்ளி பச்சையாகவே இருந்தது. அளவுகள் எனக்கு மனப்பாடம். கையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன்.

உண்மையைச் சொன்ன அந்தப் பெண் பத்தாவது பாஸ் செய்து, நர்சிங் படிக்க வேலூர் போனாள். அவள் அம்மாவை மார்க்கெட்டில் பார்ப்பேன், கம்பெனி பஸ் நிறுத்தத்தில் பார்ப்பேன். மகளைப் பற்றி விசாரிப்பேன், சொல்லுவாள். என் கணவர் உடம்பைப் பற்றிக் கேட்பாள். பேச்செல்லாம் முடிந்து, பையைக் கை மாற்றிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில், யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒருமுறை கேட்பாள்.

"அனுப்பலயே டீச்சர்?"

இல்லை என்று சொல்லுவேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போவாள்.